மரம் மக்கிய கண்ணாடியிழைப் படகின் மறுசீரமைப்பு

கண்ணாடியிழைப் படகின் கூடு மக்குவதில்லை; அதற்குள் பதித்த மரம்தான் மக்குகிறது. அந்த மரத்தை வெட்டியெடுத்து, புது மரமோ மாற்றுப் பொருளோ வைத்து, மறுபடியும் கண்ணாடியிழையும் ரெசினும் போர்த்தி மூடுவதே இந்த மறுசீரமைப்பு. அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டுக் கொட்டகைகளில் இது பரவலாக நடக்கிறது. வேலையில் பெரும்பகுதி உடலுழைப்பு என்பதால், கூலி கொடுத்துச் செய்தால் செலவு படகின் சந்தை விலையை எளிதில் தாண்டிவிடும். 1960களிலிருந்து 1990கள் வரை கட்டப்பட்ட, 14 முதல் 22 அடி நீளமுள்ள சிறு விசைப்படகுகளே பெரும்பாலும் இப்படிச் சீரமைக்கப்படுகின்றன.

வரலாறு

கண்ணாடியை மெல்லிய இழையாக்கும் தொழில்முறை 1930களில் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் உருப்பெற்றது. 1938இல் ஓவன்ஸ்-கார்னிங் நிறுவனம் தொடங்கப்பட்டது. அதே மாநிலத்து டொலீடோ நகரைச் சேர்ந்த ரே கிரீன், 1942இல் கண்ணாடியிழையையும் பாலியெஸ்டர் ரெசினையும் கொண்டு ஒரு சிறு பாய்மரப் படகை வார்த்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இம்முறை வேகமாகப் பரவியது. 1958இல் 13 அடி பாஸ்டன் வேலர் வந்தது; 1959இல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் 28 அடி பாய்மரப் படகான பியர்சன் டிரைட்டன் அறிமுகமானது. வேலர் நிறுவனர் ரிச்சர்ட் ஃபிஷர் மிதக்கும் படகில் உட்கார்ந்திருக்க, அதை நடுவில் ரம்பத்தால் அறுத்துக் காட்டும் படங்களை லைஃப் இதழ் 1961இல் வெளியிட்டது. படகு மூழ்கவில்லை. ‘அழியாத படகு’ என்ற எண்ணம் மக்கள் மனத்தில் பதிய அந்தப் படங்களும் ஒரு காரணம். ஆனால் அந்த வேலரிலும் எஞ்சினைத் தாங்கும் இடத்தில் மரமே இருந்தது.

மரம் வைத்ததில் பிழையில்லை. கண்ணாடியிழைத் தகடு இழுவிசையை நன்றாகத் தாங்கும். மெல்லியதாக இருந்தால் வளைந்து கொடுக்கும். வளையாமல் நிற்க அதற்குப் பருமன் வேண்டும். பருமனைக் குறைந்த விலையில் தரக்கூடியது பிளைவுட். அதனால் மூன்று இடங்களில் மரம் புகுந்தது: எஞ்சின் தொங்கும் பின்பலகை, அதாவது டிரான்சம், அடிப்பகுதியில் நீளவாக்கில் ஓடும் நெடுஞ்சட்டங்கள், அதாவது ஸ்ட்ரிங்கர்கள், கால் வைத்து நடக்கும் தளம். பெரிய பாய்மரப் படகுகளின் மேல்தளத்தில் பிளைவுட்டுக்குப் பதிலாகப் பல சமயம் பால்சா மரத்துண்டுகள் இருக்கும்.

மக்கும் காரணம்

மரத்தைத் தின்பது பூஞ்சை. அதற்கு ஈரமும் காற்றும் மிதமான வெப்பமும் போதும். மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அது வளராது. 30 விழுக்காட்டை நெருங்கினால் செழிக்கும். பழுப்பு அழுகல் என்னும் வகை செல்லுலோஸைத் தின்றுவிட்டு லிக்னினை விட்டுவைப்பதால், மரம் சதுரம் சதுரமாக வெடித்துக் கையால் நொறுக்கும் அளவுக்கு வலுவிழக்கிறது.

கடல்நீரைவிட மழைநீர்தான் இங்கே பெரும் பகை. உப்பு பூஞ்சையை ஓரளவு தடுக்கும், நன்னீர் தடுக்காது. மூடாமல் நிறுத்திய படகில் மழையும் பனியும் தேங்கி, தளத்தைத் திருகிய இடம், எஞ்சின் போல்ட் துளை, நீர் வடிக்கும் அடைப்பானைச் சுற்றிய விளிம்பு ஆகியவற்றின் வழியே உள்ளே இறங்கும். பழைய மரப்படகில் காற்றுப் பட்டு மரம் உலர வாய்ப்பிருந்தது. இங்கே நீர் நுழைய வழி உண்டு, வெளியேற வழி இல்லை. குளிர்நாடுகளில் அந்த நீர் உறைந்து விரியும்போது மரத்துக்கும் கண்ணாடியிழைக்கும் இடையிலான பிடிப்பும் விட்டுப்போகும். ஆகவே மக்கிய படகு எதை எடுத்தாலும், அதன் மூலக் குற்றம் பெரும்பாலும் அடைக்காமல் விட்ட ஒரு துளையாகவே இருக்கும். இதைக் கண்டுபிடிக்காமல் மரத்தை மட்டும் மாற்றுபவர் அதே வேலையை மறுபடியும் செய்ய நேரும்.

சோதித்தல்

திருப்புளியின் பிளாஸ்டிக் கைப்பிடியால் தட்டினால் நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும்; மக்கிய இடம் மந்தமாக ஒலிக்கும். எஞ்சினின் அடிப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அசைக்கும்போது பின்பலகை அசைந்தாலோ, அதன் மூலைகளில் விரிசல் தெரிந்தாலோ, உள்ளே மரம் போய்விட்டது என்று கொள்ளலாம். ஐயம் தீர, உட்புறமாகப் பின்பலகையின் அடிப்பகுதியில் சிறு துளையிட்டுத் தூளைப் பார்க்க வேண்டும். வெளிர்நிறத்தில் உலர்ந்த தூள் வந்தால் நல்லது. கறுத்து ஈரமாக வந்தாலோ, துளைவழியே நீர் கசிந்தாலோ வேறு சான்று வேண்டாம். ஈரப்பத மானி உதவும். ஆனால் நுரையும் உலோகமும் அதன் அளவைக் கெடுக்கும் என்பதால் துளையே நம்பகமானது.

இக்கட்டத்தில் பலரையும் ஈர்ப்பது, மக்கிய மரத்துக்குள் நீர்த்த எப்பாக்ஸி ரெசினை ஊற்றி இறுக்கிவிடும் வழி. ஜன்னல் சட்டத்துக்கு அது போதலாம். எஞ்சினின் எடையையும் உந்துவிசையையும் தாங்கும் பின்பலகைக்குப் போதாது. ரெசின் ஈரமரத்தில் ஆழமாக இறங்காது. இறங்கிய இடத்திலும் பூஞ்சை தின்ற நாருக்குப் பழைய வலு திரும்பாது. வெட்டியெடுப்பது ஒன்றே முறையான வழி.

பின்பலகையை மாற்றுதல்

முதல் வேலை வெட்டுவதல்ல, தாங்குகொடுப்பது. உள்மரத்தை எடுத்துவிட்ட கூடு தன் வடிவத்தைத் தானே காக்காது. இழுவண்டியின் இரண்டு பட்டைகளில் மட்டும் அது உட்கார்ந்திருந்தால் அடிப்பகுதி தொய்ந்து, பின்புறம் லேசாகக் கீழ்நோக்கி வளையும். அந்த வளைவோடு புது மரத்தை ஒட்டிவிட்டால் அது நிரந்தரம். சில மில்லிமீட்டர் வளைவே வேகத்தில் பின்புறத்தைத் தூக்கி முன்புறத்தை நீரில் அழுத்தப் போதும். எனவே கூட்டை மட்டம் பார்த்து, பல இடங்களில் முட்டுக்கொடுத்து, பக்கங்கள் விரியாதபடி குறுக்குக் கட்டைகள் அடித்த பிறகே மேல்தளத்தைக் கழற்ற வேண்டும். நெடுஞ்சட்டங்களின் உயரத்தையும் இடைவெளியையும் அளந்து, அட்டையில் அச்சு எடுத்து வைப்பதும் அப்போதுதான்.

பின்பலகையை உள்ளிருந்து மாற்றுவதே மேலானது. கிரைண்டரால் உட்புறத் தோலை அறுத்து, மரத்தை உளியால் பெயர்த்து, வெளித்தோலின் உட்பக்கத்தைச் சுத்தமான கண்ணாடியிழை தெரியும்வரை தேய்க்க வேண்டும். மேல்தளம் கழலாத படகில் வெளியிலிருந்து வேலை செய்வார்கள். வெளித்தோலை நாற்புறமும் சுமார் 5 சென்டிமீட்டர் விளிம்பு விட்டு அறுத்து, மரத்தை மாற்றி, மறுபடி ஒட்டுவார்கள். மூன்றாவது வழி, மேலே திறந்து சங்கிலி ரம்பத்தால் மரத்தைக் குடைந்தெடுத்து, பீங்கான் தூள் கலந்த ரெசினை அந்த இடைவெளியில் ஊற்றுவது. இரண்டு தோல்களும் உறுதியாக இருந்து, உள்ளே மக்கிய மரம் சிறிதுகூட மிஞ்சாவிட்டால் அது நன்றாகவே நிற்கும். மிஞ்சியதா என்று கண்ணால் பார்க்க முடியாததுதான் அதன் குறை.

புதுப் பின்பலகை வழக்கமாக முக்கால் அங்குல பிளைவுட் இரண்டை ஒட்டி ஒன்றரை அங்குலப் பருமனில் செய்யப்படும். பிஎஸ் 1088 என்னும் பிரிட்டிஷ் தரமுள்ள மரைன் பிளைவுட்டின் சிறப்பு அதன் பசையில் அதிகம் இல்லை. நல்ல வெளிப்புறத் தர பிளைவுட்டிலும் நீர் தாங்கும் பசையே உண்டு. உள்ளடுக்குகளில் வெற்றிடம் இல்லாததே மரைன் தரத்துக்கு உரியது. வெற்றிடம் இருந்தால் நீர் அங்கே தேங்கும். மரமே வேண்டாம் என்பவர்களுக்குக் கண்ணாடியிழை சேர்த்த பாலியூரித்தேன் பலகைகள் கிடைக்கின்றன. அலபாமா மாநிலத்தில் தயாராகும் கூசா பலகை அவற்றுள் பெயர்பெற்றது. விலை பல மடங்கு, ஆனால் மக்காது.

ஒட்டுவதற்கான புட்டி, சிலிகாத் தூள் கலந்த ரெசின். இட்லி மாவைவிடக் கெட்டியாக, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத பதத்தில் இருக்க வேண்டும். அதை பற்கள் கொண்ட பட்டைக்கரண்டியால் சீராகப் பரப்பி, பழைய எஞ்சின் துளைகள் வழியே போல்ட்டும் மரக்கட்டையும் வைத்து, ஓரங்களில் புட்டி பிதுங்கும்வரை இறுக்குவார்கள். மூலைகளில் அதே புட்டியைக் குழிவளைவாகப் பூச வேண்டும். கண்ணாடியிழைத் துணி கூரான மூலையில் படியாமல் காற்றுக்குமிழியை விட்டுச் செல்லும் என்பதால், வெளி விளிம்புகளையும் உருட்டித் தேய்ப்பது கட்டாயம். பிறகு குறுக்கிழைத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக, ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சில சென்டிமீட்டர் அகலமாகப் படியுமாறு ஒட்டுவார்கள்.

நெடுஞ்சட்டமும் நுரையும்

நெடுஞ்சட்டங்களை ஒன்றை எடுத்து ஒன்றை வைத்து மாற்றினால் கூட்டின் வடிவம் தப்பும். மரத்தை நேரடியாகக் கூட்டின்மேல் உட்காரவைத்தால் அந்தக் கோட்டில் அழுத்தம் குவிந்து வெளித்தோல் விரிசல் விடும். அடியில் புட்டியோ மெல்லிய நுரைப்பட்டையோ இட வேண்டும். நீர் ஓடும் துளைகளின் உட்சுவரையும் ரெசினால் மூட வேண்டும். அப்படி மூடாமல் விட்டதே தொழிற்சாலைகள் அடிக்கடி செய்த பிழை.

தளத்துக்கு அடியிலுள்ள பாலியூரித்தேன் நுரை பல பழைய படகுகளில் நீரை உறிஞ்சி, நூறு கிலோவுக்கு மேல் கனத்துக் கிடக்கும். அதைப் பெயர்த்தெடுத்துவிட்டுத் திரும்ப வைக்காமல் விடுவோர் உண்டு. அது தவறு. 20 அடிக்குக் குறைவான விசைப்படகு நீர் நிரம்பினாலும் மிதக்க வேண்டும் என்பது அமெரிக்கக் கடலோரக் காவற்படையின் விதி. 1978க்குப் பிறகு கட்டிய வெளிப்புற எஞ்சின் படகுகள் கவிழாமல் மட்டமாகவே மிதக்க வேண்டும். ஒரு கன அடி நுரை ஏறத்தாழ 27 கிலோவைத் தாங்கும். அந்த நுரை உயிர்காக்கும் பொருள்; எடுத்த அளவு திரும்ப வைக்கப்பட வேண்டும், நடுக்கோட்டில் நீர் வடியும் கால்வாய் விட்டு. தெர்மகோல் வகை நுரையைப் பாலியெஸ்டர் ரெசினும் பெட்ரோலும் கரைத்துவிடும்.

ரெசின்

பாலியெஸ்டர் மலிவு, எப்பாக்ஸி பிடிப்பில் மேல். பாலியெஸ்டர் இறுகும்போது அளவில் 7 விழுக்காடு வரை சுருங்கும், எப்பாக்ஸி மிகக் குறைவாகவே சுருங்கும். பழைய பாலியெஸ்டர் கூட்டின்மேல் எப்பாக்ஸி நன்றாகப் பிடிக்கும். எப்பாக்ஸியின்மேல் பாலியெஸ்டரை நம்ப முடியாது. ஆகவே எப்பாக்ஸியில் தொடங்கியவர் எப்பாக்ஸியிலேயே முடித்து, மேலே ஜெல்கோட் என்னும் வெளிப்பூச்சுக்குப் பதில் இருகூறு பாலியூரித்தேன் வண்ணம் பூசுவது நல்லது. பாலியெஸ்டரில் அதை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட்டை வெப்பநிலைக்கேற்ப 1 முதல் 2 விழுக்காடு வரை கூட்டிக் குறைக்கலாம். எப்பாக்ஸியில் அது கூடாது. அதை இறுகவைக்கும் ஹார்ட்னரைக் கூடுதலாக ஊற்றினால் சீக்கிரம் இறுகாது, வலு குறைந்த பிண்டமே மிஞ்சும். எப்பாக்ஸி இறுகியபின் மேலே படியும் மெழுகு போன்ற படலத்தைத் தேய்ப்பதற்கு முன்பே நீரால் கழுவ வேண்டும். மரத்துக்கு முதல் பூச்சைப் பொழுது சாய்ந்து வெப்பம் இறங்கும் நேரத்தில் கொடுப்பது சிறந்தது. வெயில் ஏறும்போது பூசினால் மரத்துள் இருக்கும் காற்று விரிந்து குமிழாக வெளிவரும்.

கடைசியாகத் துளைகள். தேவையைவிடப் பெரிதாகத் துளையிட்டு, புட்டியால் நிரப்பி, இறுகியபின் நடுவே சரியான அளவில் மறுதுளை இட்டால், போல்ட் ஒருபோதும் மரத்தைத் தொடாது. நீர் கசிந்தாலும் மரத்துக்குப் போகாது. இந்த ஒரு வேலை தொழிற்சாலையில் செய்யப்பட்டிருந்தால் பாதிப் படகுகள் கொட்டகைக்கே வந்திரா.

உடல்நலம்

கண்ணாடியிழைத் தூள் தோலையும் மூச்சுக்குழாயையும் அரிக்கும். பாலியெஸ்டரிலிருந்து வரும் ஸ்டைரீன் ஆவியை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க அதிக வாய்ப்புள்ள பொருளாகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2018இல் வகைப்படுத்தியது. கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வை போகலாம். எப்பாக்ஸி ஒவ்வாமை ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுதும் நீடிக்கும். தூளுக்கும் ஆவிக்கும் சேர்ந்த வடிகட்டியுள்ள முகமூடி, பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை மூன்றும் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

தமிழ்க் கடற்கரைகளில்

தமிழகத்திலும் இலங்கையிலும் கண்ணாடியிழைப் படகு மீனவரின் தொழிற்கருவி. யாழ்ப்பாணத்துக் காரைநகரில் நார்வே உதவியுடன் இயங்கிய சீநோர் நிறுவனம் இத்தகைய படகுகளைக் கட்டியது. தமிழகத்தில் 2004 ஆழிப்பேரலைக்குப் பின் ஃபைபர் படகுகள் பெரும் எண்ணிக்கையில் வந்தன. அவசரத்தில் கட்டியவற்றுள் சிலவற்றின் தரம் குறைவாக இருந்தது. மணலில் இழுப்பதால் அடிப்பகுதி தேய்வது இங்கே முதற்பெரும் சேதம். எஞ்சின் பொருத்தும் மரம் மக்குவது அதற்கு அடுத்தது. இங்கு பல பட்டறைகளில் ரெசின் இறுகுவதை விரைவாக்கும் கோபால்ட் ஆக்சிலரேட்டரும் கேட்டலிஸ்ட்டும் தனித்தனியே கலக்கப்படுகின்றன. இரண்டையும் நேரடியாகச் சேர்த்தால் வெடிக்கும். ஒன்றை ரெசினில் முழுமையாகக் கலந்த பிறகே மற்றதை ஊற்ற வேண்டும்.

எதைக் காப்பது, எதை விடுவது

கூடு வடிவம் மாறியிருந்தாலோ, வெளித்தோலின் அடுக்குகளே பிரிந்திருந்தாலோ சீரமைப்பில் பயனில்லை. பிரான்சில் அத்தகைய உல்லாசப் படகுகளை இலவசமாகப் பிரித்தழிக்கும் ஏபிஇஆர் அமைப்பு 2019 முதல் செயல்படுகிறது. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பழைய கூடுகளை அரைத்து சிமென்ட் சூளைக்கு அனுப்பும் முயற்சி நடந்திருக்கிறது. இத்தகைய வசதியில்லாத இடங்களில் அவை புதர்களிலும் கழிமுகங்களிலும் கைவிடப்படுகின்றன. கூடு நல்லதாக இருந்தால் சீரமைப்பதே படகுக்கு ஏற்ற முடிவு.

கண்ணாடியிழை மூடியபின் உள்ளே செய்த வேலையை யாராலும் பார்க்க முடியாது. ஆகவே சீரமைப்பவர்கள் ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்து வைத்து, படகை விற்கும்போது வாங்குபவரிடம் ஒப்படைக்க வேண்டும். வாங்குபவர்களும் அந்தப் படங்களைக் கேட்டு வாங்க வேண்டும்.