கடைசி வரி

மரக்காணம் அளத்தில் என் அப்பா கணக்குப்பிள்ளை. பேரேடு மடிமேல் விரிந்திருக்கும். யார் வந்து கேட்டாலும் முதல் பக்கத்தைப் புரட்டமாட்டார். பின்பக்கமாய்த் திறந்து கடைசி வரியில் விரலை வைப்பார். நேற்று எத்தனை மூட்டை ஏறியது, அம்பாரத்தில் மிச்சம் என்ன என்பதெல்லாம் அங்கேதான். 1947 ஏப்ரலில் உப்பு வரி ஒழிந்தது. கணக்கு ஒழியவில்லை.

கணினிக்காரர்கள் "லாக்" என்கிறார்களே, அதுவும் பேரேடுதான். லாக் என்றால் கட்டை. முடிச்சுப் போட்ட கயிற்றில் கட்டையைக் கட்டிக் கடலில் வீசி, கப்பலின் வேகத்தை அளந்தார்கள். வில்லியம் போர்ன் என்ற ஆங்கிலேயர் 1574இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த அளவை எழுதி வைத்த ஏடு லாக் புத்தகம் ஆனது. கட்டை போய்ப் பெயர் மட்டும் நின்றது.

அந்த ஏட்டின் வாலை மட்டும் பார்க்க ஒரு கட்டளை உண்டு, பெயரே "டெயில்". 1979இல் பெல் ஆய்வகம் வெளியிட்ட யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இருக்கிறது. வெறுமனே சொன்னால் கடைசி 10 வரி காட்டும். இன்றைய லினக்ஸிலும் ஆப்பிள் கணினியிலும் அதே பெயர், அதே வேலை. விண்டோஸ் வேறு வழியில் போனது. 1993இல் வந்த என்.டி. பதிப்பிலிருந்து "ஈவன்ட் வியூவர்" என்ற ஜன்னல் இருக்கிறது. அதில் புதியது மேலே நிற்கும், பழையது கீழே போகும். எனக்கு அது தலைகீழாய்த் தோன்றும். எழுதுகிறவன் கீழேதானே எழுதுவான்?

இதெல்லாம் எனக்கு ஏன் தெரியும் என்று கேட்பீர்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. இங்கே ஏறத்தாழ 3,000 ஏக்கர் அளம் தண்ணீருக்குள். மின்சாரம் வந்தபின் என் பழைய லினக்ஸ் கணினி திறக்கும், நடுவில் உறைந்து நிற்கும். அதற்குள்தான் அப்பாவின் பேரேட்டைப் படமெடுத்து வைத்திருந்தேன். காகிதத்தை எப்போதோ கறையான் தின்றாயிற்று.

சென்னையிலிருந்து பேரன் போனில் வந்தான்.

"தாத்தா, மேலேயிருந்து படிக்காதீங்க. போன தடவை ஓடினப்போ எழுதின கடைசி 20 வரியை மட்டும் பாருங்க."

அவன் எழுத்து எழுத்தாய்ச் சொல்ல நான் தட்டினேன். ஜர்னல்சிடிஎல், அப்புறம் ஒரு கோடு, பி, ஒரு இடைவெளி, இன்னொரு கோடு, ஒன்று... விரல் மூன்று முறை தவறியது. வந்த வரிகளில் ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப: வட்டில் படிக்க முடியவில்லை.

"வட்டு போகப் போகுது தாத்தா. எதையும் திறந்து பார்க்காதீங்க, முதல்ல நகல் எடுங்க."

பென்டிரைவில் ஏற்ற இரவு இரண்டு மணி ஆனது. நான்கு பக்கங்கள் வரவில்லை. மறுநாள் கணினி திறக்கவே இல்லை.

பிழைத்த படங்களில் கடைசிப் பக்கம் இருக்கிறது. ஐப்பசி மாதத்துப் பதிவு, அப்பாவின் சாய்ந்த கையெழுத்து: "மழை. அளத்தில் வேலை இல்லை."