கொற்கை: கடல் விலகிப் போன கிராமம்

கொற்கை என்றதும் பாண்டியர் துறைமுகமும் முத்தும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் இன்று அங்கே போனால் கடலைப் பார்க்க முடியாது! தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணிக்கு வடக்கே, வயல்கள் சூழ்ந்த சிறு கிராமம் அது. கடல் சுமார் 6 கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது.

கி.பி. முதல் நூற்றாண்டின் பெரிப்ளூஸ் என்ற கிரேக்க நூல் இவ்வூரைக் குறிப்பிடுகிறது. தண்டனை பெற்ற குற்றவாளிகளே இங்கு முத்துக்குளித்தார்கள் என்றும் அது சொல்கிறது. வணிகர்களோடு அவர்களும் இவ்வூர் மக்கள்தாம். அவர்களைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

கடல் ஏன் விலகியது? பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் முகத்துவாரத்தில் படிந்து நிலமாயிற்று. கப்பல் வர வழியில்லாமல் போகவே வணிகம் காயலுக்கு இடம் பெயர்ந்தது. 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ கண்ட காயலையும் பின்னர் மணல் மூடியது. அதன்பின் தூத்துக்குடி வளர்ந்தது.

1968-69இலும் 2021இலும் தமிழகத் தொல்லியல் துறை கொற்கையில் அகழாய்வு செய்தது. பழைய ஊர் இன்றைய ஊருக்கு அடியில்தான் இருக்கிறது.

துறைமுகத்தைத் தூர்த்த அதே வண்டலில்தான் இன்று நெல்லும் வாழையும் விளைகின்றன. நண்பர்களே, ஆறு ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு இன்னொன்றைக் கொடுத்திருக்கிறது!