அம்பிளிக்கையில் தொடங்கிய சோதனை

ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு 2000இல் தொடங்கிய கள ஆய்வு, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பு வரலாற்றில் முக்கியமானது. அதுவரை இந்நோயை முன்கூட்டியே அறியப் பெரிதும் நம்பப்பட்டது பாப் ஸ்மியர். மேலை நாடுகளில் சாவுகளை வெகுவாகக் குறைத்த அச்சோதனைக்கு ஆய்வகமும் தேர்ந்த நிபுணர்களும் தேவை. முடிவு வந்தபின் அந்தப் பெண் மறுபடி வரவும் வேண்டும். ஒருநாள் கூலியை விட்டு வருபவரால் இது எளிதில் முடிவதில்லை.

அம்பிளிக்கையில் கையாளப்பட்ட முறை எளியது. கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவினால், மாற்றமடைந்த திசு ஒரு நிமிடத்தில் வெளுத்துத் தெரியும். பயிற்சி பெற்ற செவிலியரே கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம். தகுந்தவர்களுக்கு அன்றைக்கே உறைகுளிர் சிகிச்சையும் தரலாம்.

பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மருத்துவர் ஆர். சங்கரநாராயணன் உள்ளிட்டோர் இந்த ஆய்வை நடத்தினர். திண்டுக்கல் மாவட்டத்தின் 114 ஊர்த்தொகுதிகளில் பாதிக்குச் சோதனை. மறுபாதிக்கு வழக்கமான மருத்துவ வசதி மட்டும். மறுபாதிப் பெண்களைச் சோதிக்காமல் விட்டது சரியா என்ற கேள்வி பின்னாளில் எழுந்தது. அது நியாயமான கேள்வி.

நோவு ஏதும் இல்லாதபோது எதற்குச் சோதனை என்பதே கிராமத்துப் பெண்களின் முதல் தயக்கம். கூச்சமும் புற்றுநோய் என்ற பெயரே தரும் அச்சமும் அதோடு சேர்ந்தன. சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று பேசினார்கள். அழைக்கப்பட்ட, 30 முதல் 59 வயதுக்குட்பட்ட 49,311 பெண்களில் 31,343 பேர் வந்தனர். இளையவர்களும் படித்தவர்களும் கணவரோடு வாழ்பவர்களும் கூடுதலாக வந்தார்கள். வயது முதிர்ந்தவர்கள் பின்தங்கினார்கள். 2007இல் லான்செட் இதழ் வெளியிட்ட முடிவின்படி, சோதனை நடந்த ஊர்களில் புதிய நோயாளிகள் 25 விழுக்காடும் சாவுகள் 35 விழுக்காடும் குறைந்திருந்தன. ஒரு செவிலியரின் கண்ணும் கொஞ்சம் அமிலமும் கொண்டு இதைச் சாதித்தது பெரிய செயல்.

தமிழக அரசு 2007இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் இம்முறையை முன்னோட்டமாகத் தொடங்கி, 2012 முதல் மாநிலமெங்கும் விரித்தது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையேனும் சோதித்துக்கொண்டவர்கள் இந்திய அளவில் 1.9 விழுக்காடு, தமிழ்நாட்டில் 9.8. மாநிலங்களில் இதுவே முன்னணி என்றாலும், அம்பிளிக்கையில் பத்தில் ஆறு பேர் வந்ததோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. அரசுத் திட்டம் பெரும்பாலும் வேறு காரணத்துக்காக மருத்துவமனைக்கு வந்த பெண்களையே சோதித்தது. அம்பிளிக்கையிலோ பணியாளர் வாசலுக்கே வந்து அழைத்தார்.