பெரியாச்சியின் மடியில் கிடப்பவள் யார்?

மாரியம்மன் கோயில்களில் ஓரமாக வீற்றிருக்கும் பெரியாச்சி சிலையைக் கண்டு குழந்தைகள் மட்டுமா மிரள்கிறார்கள்? மடியில் வயிறு கிழிந்த பெண், உயர்த்திய கையில் பச்சைக் குழந்தை, காலடியில் மிதிபட்ட அரசன். இந்தத் தெய்வத்திடமா பிள்ளை பெற்றவர்கள் போய் நிற்பது என்று பிரிக்பீல்ட்ஸின் இன்றைய தலைமுறை கேட்டால் தப்பில்லை.

கதை இதுதான். வல்லாளன் என்ற கொடுங்கோலனின் பிள்ளை தரையைத் தொட்டால் அவனுக்கும் நாட்டுக்கும் அழிவு என்பது சாபம். பேறு பார்க்க வந்த பெரியாச்சி, பிள்ளை மண்ணில் படாமல் தூக்கிப் பிடித்தாள். மன்னனோ பேசிய கூலியைக் கொடுக்காமல் அவளையே கொல்லத் துணிந்தான். உக்கிரம் கொண்டவள் அவனை மிதித்தாள், அரசியின் வயிற்றைக் கிழித்தாள். (கூலித் தகராறு தெய்வக் கதையில் வருவது, தோட்டத்தில் உழைத்த சனங்களுக்கு விநோதமாகப் பட்டிருக்காது!)

மண் ஏற்காத பிறப்பு கிரேக்கர்களிடமும் உண்டு. ஹீராவின் கோபத்துக்கு அஞ்சி எந்த நிலமும் இடம் தராததால், லீட்டோ அலைந்து, கடைசியில் டீலோஸ் தீவில் ஒன்பது நாள் வலித்துத்தான் அப்போலோவைப் பெற்றாள். அந்த அப்போலோ, சிதையில் எரிந்த கொரோனிஸின் வயிற்றிலிருந்து தன் மகனை எடுத்தான். பிள்ளையின் பெயர் அஸ்கிளீப்பியஸ். பிற்பாடு மருத்துவக் கடவுள். உலகச் சுகாதார நிறுவனத்தின் சின்னத்தில் இருப்பது அவருடைய பாம்புத் தடிதான்.

இது வெறும் கற்பனையா? ஹிப்பாக்ரட்டீஸ் பெயரில் வழங்கும் நூல்கள், வயிற்றிலேயே இறந்த கருவைத் துண்டாக்கி எடுக்கும் முறையைச் சொல்கின்றன. சுஸ்ருத சம்ஹிதை, வெளிவர வழியின்றிச் சிக்கிய கருவை மூடகர்ப்பம் என்கிறது. உயிருள்ள கருவைக் கத்தியால் தொடாதே, இருவரும் சாவார்கள் என்று எச்சரிக்கிறது. தாய் இறந்து வயிறு மட்டும் அசைந்தால், உடனே கீறிப் பிள்ளையை எடு என்கிறது.

இதைப் படித்தபின் சிலையைப் பார்த்தால் வேறு ஒன்று தெரியும். மடியில் கிடப்பவளைப் பகையரசி என்று கதை சொல்லட்டும். மருத்துவச்சியின் கண்ணுக்கு அவள் காப்பாற்ற முடியாமல் போன தாய். கிரேக்கக் கதையில் பிள்ளையை எடுத்த பெருமை தேவனுக்கு. இங்கே அது கூலிக்கு வந்த ஒரு பெண்ணுக்கு. பெயரில்லாமல் போன எத்தனையோ மருத்துவச்சிகளில் ஒருத்திக்காவது கோயில் கிடைத்ததே!

லயத்தில் வலி எடுத்தவளுக்கு அந்தப் பயம் பழங்கதை அல்ல. குழந்தை குறுக்கே கிடந்தால், ரத்தம் நிற்காவிட்டால், ஆஸ்பத்திரி எங்கேயோ. மலாயாவில் 1950-இல் லட்சம் பிரசவத்துக்கு 500-க்கும் மேற்பட்ட தாய்மார்கள் இறந்தார்கள். பயிற்சி பெற்ற பிடான்கள், கிராமத்துக் கிளினிக், மிஸ்ஸிமார், ரத்த வங்கி, நல்ல சாலை எல்லாம் சேர்ந்து, 2010-இல் மலேசியாவில் அதை 30-க்கும் கீழே கொண்டுவந்தன.

ஆனாலும் முப்பது கழிந்ததும், ஆபரேஷனில் பெற்றவளும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெரியாச்சியிடம் வருகிறாள். துணைக்கு வரும் பாட்டிமார்களுக்கு அந்த மடியில் கிடப்பவள் யாரென்று விளக்கத் தேவையில்லை.