டேஷ்போர்டில் மூன்று முட்கள்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நம் சங்கச் செயலாளர் மூன்றாவது தடவையாகப் போன் செய்தபோது நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். அடுப்பில் பாதிப் பாத்திரம் தண்ணீர் கொதிக்கிறது. அதற்குள் கம்பியில் கட்டித் தொங்கும் ஒரு பித்தளை மூக்கு. மேடைமேல் 12 வோல்ட் பேட்டரி ஒன்று, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழைய மீட்டர். "என்னய்யா பண்றே?" என்றார். "கார் டெம்பரேச்சர் மீட்டரைக் கொதிக்க வைத்துப் பார்க்கிறேன்" என்றேன். "அப்போ அதையே எழுதிடு" என்று சொல்லி வைத்துவிட்டார். எழுதுகிறேன். மெக்கானிக்கல் படித்தவர்கள் பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். மற்றவர்களும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டேஷ்போர்டு என்ற சொல்லுக்கும் மோட்டாருக்கும் ஆதியில் சம்பந்தமே கிடையாது. குதிரை வண்டியில், குதிரையின் குளம்படி வாரி இறைக்கும் சேறு ஓட்டுபவர் மேல் படாமல் இருக்க முன்னால் ஒரு பலகை அடித்திருப்பார்கள். அதுதான் டேஷ்போர்டு. குதிரை போய் இஞ்சின் வந்த பிறகும் பலகை மட்டும் நின்றுவிட்டது. முதலில் அதில் மீட்டர் என்று எதுவும் இல்லை. ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து ஓட்டோ ஷுல்ஸ் என்பவர் 1902-ல் ஸ்பீடாமீட்டருக்குக் காப்புரிமை வாங்கினார். சக்கரத்தோடு சேர்ந்து ஒரு காந்தம் சுழல, அதன் இழுப்பில் ஓர் அலுமினியக் கிண்ணம் ஸ்பிரிங்கை எதிர்த்துத் திரும்ப, கிண்ணத்தின் நுனியில் முள். சுமார் எண்பது வருடங்களுக்கு உலகத்துக் கார்களில் பெரும்பாலானவை இந்தத் தந்திரத்தை வைத்தே ஓடின.

ஆனால் வேகம் தெரிந்து என்ன பயன், இஞ்சின் உள்ளே என்ன பாடுபடுகிறது என்று தெரியவேண்டாமா? அந்தக் கேள்விக்கு விடை கார் தயாரிப்பாளர்களிடமிருந்து மட்டும் வரவில்லை. வெளியே தனியாக விற்ற சாமானாகவும் வந்தது. அமெரிக்காவில் 1910-களில் விற்பனைக்கு வந்த பாய்ஸ் மோட்டோமீட்டர் அப்படிப்பட்டது. ரேடியேட்டர் மூடியிலேயே திருகி மாட்டும் ஒரு வெப்பமானி. ஓட்டுபவர் கண்ணாடி வழியாகப் பானெட்டின் நுனியைப் பார்த்துக்கொண்டே போகவேண்டும்; சிவப்புத் திரவம் ஏறினால் நிறுத்தவேண்டும். ஃபோர்டு மாடல் டி வைத்திருந்தவர்களெல்லாம் ஓடி ஓடி வாங்கினார்கள், ஏனென்றால் அந்த வண்டியில் வெப்பம் காட்டும் மீட்டரே கிடையாது. மோட்டோமீட்டர் அளந்தது தண்ணீரின் வெப்பத்தை அல்ல. தண்ணீருக்கு மேலே நிற்கும் காற்றின், ஆவியின் வெப்பத்தை. இந்த ஒரு சங்கதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் இன்னும் பழைய சொத்து. பிரான்ஸில் யூஜீன் பூர்டோன் 1849-ல் காப்புரிமை பெற்ற வளைந்த குழாய்தான் அது. நம் ஸ்டீம் லேபில் பாய்லர் தலையில் உட்கார்ந்திருந்ததும், டெட் வெயிட் டெஸ்டரில் ஒவ்வொரு எடையாக ஏற்றி இறக்கி நாம் ரெக்கார்டு எழுதியதும் (பாதிப் பேர் முந்தின பேட்சைப் பார்த்து எழுதியதும்) இதே பூர்டோன் குழாய்தான். உள்ளே அழுத்தம் ஏறினால் வளைந்த குழாய் நிமிரப் பார்க்கும். அந்த நிமிர்வு முள்ளைத் திருப்பும். வேறு சூட்சுமம் இல்லை.

1930-களில் அமெரிக்காவின் ஹட்சன் கம்பெனி, முள்ளுக்குப் பதிலாக எச்சரிக்கை விளக்கு வைத்தது. விலை குறைவு, ஓட்டுபவருக்குக் கணக்குப் பார்க்கும் தொல்லையும் இல்லை. விவரம் தெரிந்த ஓட்டுநர்கள் அதற்குக் கேலியாக 'இடியட் லைட்' என்று பெயர் வைத்தார்கள். கேலியில் நியாயம் உண்டு. எண்ணெய் விளக்கின் சுவிட்ச் பெரும்பாலும் சதுர அங்குலத்துக்கு 5 முதல் 7 பவுண்டு அழுத்தத்துக்குக் கீழே போனால்தான் சிவப்புக் காட்டும். 50-ல் ஓடவேண்டிய இஞ்சின் 15-க்கு இறங்கினாலும் விளக்கு வாயைத் திறக்காது. எனவே இரண்டாம் உலகப்போருக்குப் பின் கலிஃபோர்னியாவில் பழைய ஃபோர்டுகளைப் பிரித்து மேய்ந்த இளைஞர்கள், ஸ்டீவர்ட்-வார்னர் போன்ற கம்பெனிகளின் முட்களை வாங்கித் தாங்களே பொருத்திக்கொண்டார்கள். வட்டம் 2 1/16 அங்குலம், அதாவது 52 மில்லிமீட்டர். அந்த அளவு இன்றுவரை மாறவில்லை.

நிற்க. நம் ஊருக்கு வருகிறேன்.

1981-ல் என் அறைத்தோழன் வீட்டில் ஓர் அம்பாசடர் மார்க் 2 இருந்தது. அவன் அப்பா இரண்டாம் கையாக வாங்கியது. டேஷ்போர்டில் உயிரோடு இருந்தது பெட்ரோல் முள் மட்டும். அதுவும் நல்ல மூட் இருந்தால்தான் அசையும். 1489 சி.சி. இஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை. "ரெண்டு இஞ்சினியர் வீட்ல இருந்து என்ன பிரயோசனம்?" என்று அப்பா ஒருநாள் சொல்லப்போக, எங்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. டெம்பரேச்சர், ஆயில் பிரஷர், அம்மீட்டர் மூன்றும் வாங்கிப் பொருத்துவது என்று முடிவாயிற்று.

அந்த நாளில் மெட்ராஸ் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. புதிதாக வேண்டாம், கழற்றிய சாமான் போதும் என்றால் புதுப்பேட்டை. கோவைக்காரர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. 1970-களின் மத்தியில் தொடங்கிய பிரிக்கால் பெரியநாயக்கன்பாளையத்தில் மீட்டர்களைச் செய்துகொண்டிருந்தது. அதனால் முள், டயல் பற்றிப் பேசத் தெரிந்த ஆட்கள் ஊருக்குள் நிறையப் பேர். எங்களுக்கு உதவியவர் லாரி பேட்டையில் பட்டறை வைத்திருந்த ஓர் எலக்ட்ரீசியன் அண்ணன். டேஷ்போர்டை ஓட்டை போட அப்பா சம்மதிக்கவில்லை. சரி என்று ஒரு தகட்டுப் பட்டையில் மூன்று 52 மில்லிமீட்டர் வட்டம் வெட்டி, டேஷ்போர்டின் அடியில் தொங்கவிட்டோம்.

பொருத்தும் வேலையில் கற்றுக்கொண்டது லேபில் கற்றதைவிட அதிகம். வோல்ட்மீட்டர் என்றால் சர்க்யூட்டுக்கு இணையாக இரண்டு மெல்லிய ஒயர் போதும். அம்மீட்டர் அப்படி இல்லை. வண்டியின் மின்சாரம் முழுக்க (ஸ்டார்ட்டர் நீங்கலாக) இஞ்சின் பக்கத்திலிருந்து உள்ளே வந்து, அந்தச் சின்ன மீட்டர் வழியாகப் போய்த் திரும்பவேண்டும். தடித்த ஒயர் வேண்டும். நட்டு ஒன்று தளர்ந்தால் அந்த இடம் பழுக்கக் காயும். தகட்டில் ஓட்டை போட்டு ஒயரை நுழைக்கிற இடத்தில் ரப்பர் கிராமெட் போடாவிட்டால் தகட்டின் விளிம்பே ஒயரை அறுத்துவிடும்; பிறகு தீதான். லூகாஸ் டைனமோ 22 ஆம்பியர் கொடுத்த காலத்தில் இது சமாளிக்கக்கூடிய ஆபத்து. ஆல்டர்னேட்டர் வந்து ஆம்பியர் ஏறியதும் அம்மீட்டர் மெல்ல மறைந்து, வோல்ட்மீட்டர் வந்ததற்கு இது முக்கியக் காரணம்.

ஆயில் மீட்டருக்கு, எச்சரிக்கை விளக்கின் சுவிட்சைக் கழற்றி அங்கே ஒரு டீ பீஸ் திருகி, ஒரு காலில் பழைய சுவிட்ச், இன்னொரு காலில் மீட்டருக்குப் போகும் மெல்லிய குழாய். குழாய் கசிந்தால் சூடான எண்ணெய் ஓட்டுபவர் கால்மேல்தான் விழும் என்று அண்ணன் பயமுறுத்தி வைத்தார்.

டெம்பரேச்சர் மீட்டர் எலக்ட்ரிக். அதன் சென்டர் என்னும் பித்தளை மூக்கைக் கசியாமல் இருக்க வெள்ளை டேப் சுற்றி இறுக்கினேன். முள் அசையவே இல்லை. அண்ணன் சிரித்துவிட்டு, "தம்பி, அதுக்கு ஒயர் ஒண்ணுதான. எர்த்து அந்த மரை வழியாத்தான் போகோணும். நீங்க டேப்ப சுத்தி எர்த்த அடைச்சுப்போட்டீங்க" என்றார். டேப்பைப் பிரித்ததும் முள் எழுந்தது. எலக்ட்ரிகல் படித்த என் நண்பன் வாயைத் திறக்கவில்லை. நானும்தான்.

அந்த மே மாதம் அவன் தங்கைக்குக் கல்யாணம். குன்னூர் உறவுக்காரர்களுக்குப் பத்திரிகை வைக்க அப்பா, அவன், நான் மூவரும் கிளம்பினோம். நான்தான் ஓட்டினேன். மேட்டுப்பாளையம், கல்லாறு தாண்டி ஏற்றம். பர்லியாறுக்கு முன்னால் முள் நடுவைத் தாண்டி மேலே போக ஆரம்பித்தது. எங்கேயாவது நிழலில் நிறுத்தலாம் என்று நினைக்கிறபோதே, அது மெதுவாக இறங்கத் தொடங்கியது. பின் சீட்டிலிருந்து அப்பா எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, முள்ளு எறங்குதே, அது நல்லதுங்களா?"

"நல்லதுதான் அப்பா. மேலே வரவர மலைக்காத்து, ரேடியேட்டர் குளிருது" என்றேன்.

இரண்டு வளைவுகூடத் தாண்டியிருக்கமாட்டோம். ஒரு தீய்ந்த வாசனை; பிறகு இஞ்சின் இறுகி நின்றுவிட்டது. ஹேண்ட் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, சக்கரத்துக்குக் கல் தேடி ஓடினோம். சரிவில் வண்டி ஒரு முழம் பின்னால் உருண்டு நின்றது. அப்பா உள்ளே உட்கார்ந்திருந்தார். அந்த ஒரு முழம் எனக்கு இன்றும் கனவில் வரும்.

கீழ் ஹோஸ் வெடித்திருந்தது. பழைய ஹோஸ், மூன்று மீட்டர் வாங்கிய நாங்கள் அதை மாற்றவேண்டும் என்று யோசிக்கவில்லை. தண்ணீர் முழுக்க ரோட்டில். சென்டர் மூக்கு தண்ணீரில் நனைந்திருக்கும்வரைதான் தண்ணீரின் வெப்பத்தைச் சொல்லும். தண்ணீர் இறங்கி அது காற்றில் தொங்கினால், பக்கத்திலே இரும்பு வெந்துகொண்டிருந்தாலும், காற்று அந்தச் சூட்டை அதற்குச் சரியாகக் கொண்டு கொடுக்காது. முள் இறங்கும். ஆவியை அளந்த அந்தப் பழைய மோட்டோமீட்டரின் குறையும் இதே ஜாதிதான்; தண்ணீர் வற்றிப் போனால் அதையும் நம்ப முடியாது. இத்தனைக்கும் பக்கத்திலேயே ஆயில் பிரஷர் முள், 45-ல் நிற்கவேண்டியது, 20-க்குக் கீழே வந்திருந்ததாக நண்பன் பிறகு சொன்னான். எண்ணெய் கொதித்து நீர்த்துப்போனதை அது சொல்லிக்கொண்டுதான் இருந்தது. "ஏண்டா அப்பவே சொல்லலை?" என்று கேட்டேன். "நீதான் நல்லதுன்னு சொன்னியே" என்றான்.

ஹெட் கோணி, கேஸ்கட் போய், இரண்டு பிஸ்டன் பிடித்துக்கொண்டு, கல்யாணச் செலவோடு செலவாக ரீபோர் செலவும் அப்பா தலையில். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கல்யாணப் பந்தியில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அதற்குப் பிறகு இந்த முட்களின் சரித்திரத்தைத் தேடிப் படிப்பது எனக்கு ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது. படித்ததில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது ஃபோர்டு கதை. 1980-களின் பிற்பகுதியில் அந்தக் கம்பெனி பல வண்டிகளில் ஆயில் சென்டரை எடுத்துவிட்டு, வெறும் சுவிட்சை வைத்தது. டயலில் முள் அப்படியே இருக்கிறது; ஆனால் சுமார் 6 பவுண்டுக்கு மேல் எவ்வளவு அழுத்தம் இருந்தாலும் நட்ட நடுவில் நிற்கும். விளக்குக்கு முள் வேஷம். மஸ்தா மியாட்டாவிலும் 1995-லிருந்து இதே கதை. முள் கொஞ்சம் ஆடினாலும் வாடிக்கையாளர்கள் பயந்துபோய் வண்டியைத் திருப்பிக் கொண்டுவருகிறார்களாம்; அதற்காக ஆடாத முள். வெப்பம் காட்டும் முட்களையும் பல கம்பெனிகள் ஒரு பெரிய இடைவெளி முழுக்க நடுவிலேயே நிற்கும்படி செய்துவிட்டன. அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து ஓ.பி.டி-2 சாக்கெட் கட்டாயமானது. இன்று கைபேசியை அதனோடு சேர்த்தால் சென்சார் சொல்லும் உண்மையான டிகிரி எண்ணைப் பார்த்துவிடலாம், நடுவில் நிற்கும் முள்ளுக்கு மேலேயே.

அம்பாசடர் 2014-ல் நின்றுபோனது. அப்பா அதற்கு வெகு முன்னாலேயே போய்விட்டார், வண்டியும் கைமாறிப் போனது. மீட்டர் பட்டை மட்டும் நண்பன் வீட்டுப் பரணில் கிடந்தது. இப்போது அவன் மகன் ஒரு பழைய மார்க் 2-ஐ வாங்கிப் புதுப்பிக்கிறான். தாத்தா வண்டியில் இருந்த மீட்டர்தான் வேண்டுமென்று பிடிவாதம். நண்பன் பட்டையைப் பார்சலில் அனுப்பி, "நீயே டெஸ்ட் பண்ணு" என்று ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தான்.

கோவை உயரத்துக்குத் தண்ணீர் 98½ டிகிரியில் கொதிக்கும். முள் நூறுக்குச் சற்று இடப்புறம், நூலளவு தள்ளி நின்றது. நாற்பது வருடத்துக்கு மேலாகியும் துல்லியம். பிறகு பித்தளை மூக்கைத் தண்ணீரிலிருந்து ஒரு விரற்கடை தூக்கி, ஆவியும் அண்டாமல் பக்கவாட்டில் பிடித்தேன். மெதுவாக இறங்கியது, அன்றைக்குப் பர்லியாறு பக்கத்தில் இறங்கிய அதே வேகத்தில்.

பையனுக்கு இரண்டு விஷயம் எழுதியிருக்கிறேன்: முதலில் நாலு ஹோஸையும் புதிதாக மாற்று, அம்மீட்டரை விட்டுவிட்டு அந்த வட்டத்தில் வோல்ட்மீட்டர் வை. ஆயில் லைனுக்குரிய பித்தளை டீ பீஸ் மட்டும் பட்டையோடு வரவில்லை. நம் செட்டில் யார் வீட்டு ஷெட்டிலாவது கிடந்தால், சந்திப்புக்கு வரும்போது பையில் போட்டுக்கொண்டு வாருங்கள்.