டக் டக் டக் - இஞ்சினுக்கு ஈயம் ஊத்தின கதை

பழைய அம்பாசடரை மேட்டுல ஏத்தும்போது பானட்டுக்குள்ள யாரோ சுத்தியலால தட்டுற மாதிரி 'டக் டக்'னு கேட்டிருக்கீங்களா? அதான் நாக்கிங். மெக்கானிக் டைமிங்கைப் பார்ப்பார், பிளக்கைக் கழட்டி நிறம் பார்ப்பார். கரி அப்பியிருந்தா பெட்ரோல் ஜாஸ்தி. வெளுத்திருந்தா காத்து ஜாஸ்தி, சிலிண்டர் சூடாகி நாக்கிங் வர அதுவும் ஒரு காரணம். காபித்தூள் நிறம்னா கலவை சரி.

நூறு வருஷம் முன்னாடி இந்த சத்தம் ஏன் வருதுன்னே தெரியாது. பழி விழுந்தது அமெரிக்காவுல, ஓஹையோ மாநிலம் டேட்டன்ல இருந்த சார்லஸ் கெட்டரிங் மேல. 1912 காடிலாக்குக்கு எலக்ட்ரிக் ஸ்டார்ட்டரும் பேட்டரி இக்னிஷனும் செஞ்சவர். 'உன் இக்னிஷன்தான்யா தட்டுது'ன்னுட்டாங்க!

1916-ல அவர்கிட்ட வேலைக்கு சேர்ந்த தாமஸ் மிட்ஜ்லி, ஓடுற இஞ்சினுக்குள்ள அழுத்தம் எப்படி ஏறுதுன்னு பதிவு செஞ்சு பார்த்தார். ஸ்பார்க்குக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லை. தீ பரவ ஆரம்பிச்ச பிறகுதான் அழுத்தம் எகிறுது. அதாவது, தீ போய் சேர்றதுக்குள்ள மூலையில மிச்சமிருக்கிற கலவை நசுங்கி, சூடாகி, தானே வெடிக்குது. குத்தவாளி இக்னிஷன் இல்லை, எரிபொருள்!

பெட்ரோலுக்கு சிவப்பு சாயம் போட்டா சூட்டை நல்லா வாங்கிக்கும்னு ஒரு யோசனை. சாயம் கைவசம் இல்லாததால அயோடினைக் கலந்தாங்க. சத்தம் நின்னுடுச்சு! அப்புறம் நிஜ சிவப்பு சாயத்தைப் போட்டுப் பார்த்தா ஒரு பிரயோஜனமும் இல்லை. தப்பான யோசனை, சரியான பலன் :-)

அயோடின் விலை ஜாஸ்தி, இஞ்சினையும் அரிக்கும். என்னென்னவோ கலந்து பார்த்து, 1921 டிசம்பர் 9-ம் தேதி டெட்ராஎத்தில் லெட்ல வந்து நின்னாங்க. ஈயம். காலனுக்கு சுமார் 3 மில்லி போதும்.

ஆல்கஹால் கலந்தாலும் நாக்கிங் அடங்கும்னு மிட்ஜ்லிக்கு நல்லாவே தெரியும். ஆனா ஆல்கஹாலை யார் வேணும்னாலும் காய்ச்சலாம், ஈயத்துக்குத்தான் பேட்டன்ட். என்னைக் கேட்டா விஷயமே இதான். ஈயம் விஷம்னு தெரியாம செஞ்சதாவும் சொல்ல முடியாது. 1923 ஆரம்பத்துல மிட்ஜ்லியே ஈய பாதிப்புல ஓய்வெடுக்கப் போனார். அந்த பிப்ரவரியிலயே டேட்டன்ல 'எத்தில்'ங்கற பேர்ல விற்பனை ஆரம்பம். 1924 அக்டோபர்ல நியூஜெர்சி பேவே ஆலைத் தொழிலாளிங்களுக்கு புத்தி பேதலிச்சு, அஞ்சு பேர் செத்துப்போனாங்க. அதே மாசம் நிருபர்கள் முன்னாடி மிட்ஜ்லி அந்த திரவத்துல கை கழுவி, மோந்தும் காட்டினார். 1925-ல விற்பனையை நிறுத்தி விசாரிச்சாங்க, 1926-ல திரும்ப ஆரம்பிச்சுட்டாங்க.

இந்தியா முழுக்க ஈயம் நின்னது 2000-ல. உலகத்துலயே கடைசியா கார் பெட்ரோல்ல நிறுத்தின நாடு அல்ஜீரியா, 2021-ல. அதுவரைக்கும் புகையில வந்த ஈயம் குழந்தைங்க ரத்தத்துல சேர்ந்துட்டே இருந்துச்சு.

இப்ப நம்ம பங்க்ல 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அன்னிக்கு ஒதுக்கின அதே ஆல்கஹால்தான்! நாக்கிங் குறையும், சரி. ஆனா எத்தனாலுக்குள்ளயே ஆக்சிஜன் இருக்கு, அதனால பழைய கார்புரேட்டர்ல காத்து ஜாஸ்தியான மாதிரி ஆயிடும். பழைய ரப்பர் ஹோஸும் ஊறிப்போகும். பழைய வண்டி வச்சிருக்கிறவங்க ஹோஸை மாத்திட்டு, பிளக்கை ஒருதடவை கழட்டிப் பாருங்க. வெளுத்திருந்தா கார்புரேட்டர்ல கொஞ்சம் பெரிய ஜெட் போடச் சொல்லணும்.