வரிக் கணக்கில் பிறந்த காற்றாலைகள்

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை ஆரல்வாய்மொழியைக் கடந்து முப்பந்தலை எட்டும் இடத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசி முகடுகள் விலகி நின்று காற்றுக்கு வழிவிடுகின்றன. வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை அரபிக் கடலிலிருந்து எழுந்துவரும் தென்மேற்குப் பருவக்காற்று, இக்கணவாயின் இடுக்கில் நெருக்குண்டு, வேகம் கொண்டு, காவல்கிணறு, பணகுடி, இராதாபுரம் என்று கிழக்கே விரிந்து கிடக்கும் வறண்ட சமவெளியின்மீது பாய்கிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற சொல்லை முதலில் சொன்னவர் இப்பகுதிக்காரராகவே இருந்திருக்கக்கூடும். 1752ஆம் ஆண்டில் மறைசாட்சி தேவசகாயம் உயிர்நீத்த குன்றின் பெயர் காற்றாடிமலை என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். எந்திரங்கள் வருவதற்கு மிக முன்பே அந்த மண் காற்றுக்குப் பெயர்போனது.

இன்று அங்கே காற்றாலைகள் காடாக நிற்கின்றன. இவை ஏன் நடப்பட்டன என்று பள்ளி மாணவன் ஒருவனைக் கேட்டால், சுற்றுச்சூழலைக் காப்பதற்காக என்று உடனே விடை கூறுவான். அவனுடைய பாடநூல் அப்படித்தான் சொல்லித் தருகிறது. ஆனால் அந்த எந்திரங்களில் பெரும்பாலானவற்றின் பிறப்புக் கதையை ஆராய்ந்தால், அங்கே நாம் சந்திப்பவர்கள் இயற்கை ஆர்வலர்கள் அல்லர். பஞ்சாலை முதலாளிகளும் அவர்களுடைய கணக்காளர்களுமே. மின்கட்டணத்தைக் குறைக்கவும் வருமான வரியை மிச்சப்படுத்தவும் வழி தேடியவர்கள் காற்றை வந்தடைந்தார்கள்.

நல்ல செயல் ஒன்று பணம் மிச்சமாகும் என்ற எண்ணத்தால் நடந்தால் அது எத்தகைய செயல்? இக்கேள்வி பழையது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘லவுதாத்தோ சீ’ சுற்றுமடலில், செலவழிக்க வசதியிருந்தும் குறைவாக நுகர்பவருடைய மனநிலையைச் சிறப்பித்துப் பேசுகிறார். ஒரு பொருளை எறிந்துவிடாமல் மீண்டும் பயன்படுத்துவதுகூடச் சரியான நோக்கத்தோடு செய்யப்படும்போதே அன்பின் செயலாகும் என்ற பொருள்பட எழுதுகிறார். அறவியலார் இங்கே நின்றுவிடலாம். வரலாற்றை நோக்குபவருக்கோ இன்னொரு கேள்வி எழுகிறது. நோக்கம் எதுவாயினும் ஆலை சுழல்கிறதே, நிலக்கரி மிச்சமாகிறதே. அப்படியிருக்க, நோக்கம் விளைவை மாற்றுகிறதா? காற்றாலைகளின் வரலாறு இதற்குத் தரும் விடை நாம் எதிர்பார்ப்பதைவிடச் சிக்கலானது.

கதை டென்மார்க்கில் தொடங்குகிறது. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியின்போது அந்தச் சிறிய நாடு தன் எரிபொருள் தேவையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்குக்கு இறக்குமதி எண்ணெயை நம்பியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவது தடை செய்யப்பட்டது. குளிர்காலக் கட்டணச் சீட்டைக் கண்டு குடும்பங்கள் கலங்கின. அந்நிலையில் கிறிஸ்டியன் ரீசாகர் என்னும் தச்சர் தம் கைத்திறனால் ஒரு காற்றாலையை அமைத்து மின்கம்பியில் இணைத்தார். பெரிய ஆய்வுக்கூடங்கள் சாதிக்காததைப் பட்டறைகளும் வேளாண் கருவி செய்யும் சிறு தொழிலகங்களும் சாதித்தன. அரசு 1979இல் காற்றாலை விலையில் 30 விழுக்காட்டை மானியமாகத் தர முன்வந்தது. அக்கம்பக்கத்தார் கூட்டுறவாகச் சேர்ந்து பங்கு வாங்கினார்கள். ஆலைக்கு அருகில் குடியிருப்பவரே பங்கு வாங்கலாம், தம் வீட்டு மின்தேவைக்கு ஏற்ற அளவே வாங்கலாம் என்று தொடக்கத்தில் விதிகள் இருந்தன. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய ஒரு இலட்சம் டேனியக் குடும்பங்கள் இவ்வாறு காற்றாலைப் பங்குதாரர்களாக இருந்தன. அவர்களிடமும் பணக்கணக்கு இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஆலை நின்றுபோனால் அவர்களுடைய வருமானமும் நின்றுபோகும். ஆகவே இறக்கை சுழல்கிறதா என்று அவர்கள் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வேறொன்று நடந்தது. நடுவண் அரசும் மாநில அரசும் சேர்ந்து வழங்கிய வரிச் சலுகைகள் முதலீட்டில் பாதியளவுக்கு வந்தன. எவ்வளவு மின்சாரம் கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை. எவ்வளவு பணம் போட்டாய் என்பதே கேள்வி. அல்டமாண்ட் கணவாயிலும் தெஹாச்சபியிலும் ஆயிரக்கணக்கான எந்திரங்கள் எழுந்தன. அவற்றில் பல முறையாகச் சோதிக்கப்படாதவை. சில ஆண்டுகளிலேயே இறக்கை ஒடிந்தும் பற்சக்கரம் தேய்ந்தும் நின்றுபோயின. உறுதியான டேனிய எந்திரங்களுக்கு அங்கே நல்ல கிராக்கி ஏற்பட்டது. 1985ஆம் ஆண்டு முடிவில் சலுகை முடிந்தது, சந்தையும் முடிந்தது. அடுத்த ஆண்டே டென்மார்க்கின் வெஸ்டாஸ் நிறுவனம் கடன்காரருக்குப் பணம் தர முடியாமல் நொடித்து, பின்னர் புதிய வடிவில் மீண்டெழ நேர்ந்தது.

அதே 1986ஆம் ஆண்டில்தான் நம் நாட்டில் முதல் மாதிரிக் காற்றாலைப் பண்ணைகள் தோன்றின. குஜராத்தின் ஓக்கா, மகாராஷ்டிரத்தின் ரத்னகிரிப் பகுதி, தமிழகத்தின் தூத்துக்குடிக் கடற்கரை ஆகிய இடங்களில் 55 கிலோவாட் திறனுள்ள சிறிய எந்திரங்கள் நிறுவப்பட்டன. 1979 முதல் நிலக்கரியை எரித்துக்கொண்டிருந்த தூத்துக்குடி அனல்மின் நிலையம் அதே கடற்கரையில் புகைவிட்டுக்கொண்டிருந்தது. பின்னர் டென்மார்க் அரசின் உதவியோடு கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் பெரிய மாதிரிப் பண்ணைகள் அமைந்தன. காற்று உண்டு, எந்திரமும் ஓடும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. ஆனால் அரசின் மாதிரியைக் கண்டு மனம் மாறித் தம் பணத்தைப் போட்டவர்கள் மிகச் சிலரே.

அவர்களை அசைத்தவை இரண்டு. ஒன்று, மின்கட்டணம். நூற்பாலையில் பஞ்சுக்கு அடுத்த பெருஞ்செலவு மின்சாரம். தமிழகத்தில் 1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமாயிற்று. அது தேவையான உதவிதான். ஆயினும் அதன் சுமையில் ஒரு பகுதி உயரழுத்த மின்சாரம் வாங்கும் ஆலைகளின் தலையில் இறங்கியது. போதாக்குறைக்கு மின்வெட்டு வேறு. இந்நிலையில் மின்வாரியம் ஒரு வசதியைத் தந்தது. முப்பந்தலில் ஒருவர் உற்பத்தி செய்யும் மின்சாரத்தை வாரியத்தின் கம்பி வழியே கோயம்புத்தூரிலுள்ள தம் ஆலைக்குச் சிறு கட்டணத்தில் கொண்டுசெல்லலாம். காற்று மிகுந்த மாதங்களில் எஞ்சும் யூனிட்டுகளை வாரியத்தின் கணக்கில் இருப்பு வைத்து, காற்றில்லாத மாதங்களில் எடுத்துக்கொள்ளலாம். நம் பாட்டிமார் குதிரில் நெல்லைக் கொட்டி வைத்ததுபோலத்தான். ஆண்டு உற்பத்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஐந்தாறு மாதங்களுக்குள் கிடைத்துவிடும் தொழிலுக்கு இவ்வசதி உயிர்நாடி.

மற்றொன்று, வருமான வரி. இதைச் சற்று விளக்கியாக வேண்டும். ஒரு நிறுவனம் எந்திரம் வாங்கினால், அது ஆண்டுதோறும் தேய்வதாகக் கொண்டு, அத்தேய்மானத்தை இலாபத்திலிருந்து கழிக்கச் சட்டம் இடம் தருகிறது. காற்றாலைக்கோ முழு விலையையும் முதல் ஆண்டிலேயே, நூற்றுக்கு நூறு, கழித்துக்கொள்ளலாம் என்று விதி இருந்தது. ஒரு கோடி ரூபாய் இலாபம் ஈட்டிய நிறுவனம் ஒரு கோடிக்குக் காற்றாலை நிறுவினால், ஏட்டின்படி அதற்கு வரிக்குரிய இலாபமே இல்லை. 1990களின் நடுவில் நிறுவன வரி ஏறக்குறைய 46 விழுக்காடு. ஆக, அரசுக்குப் போகவிருந்த 46 இலட்சம் கையில் நின்று எந்திரமாகிவிடும். இதற்குள் ஒரு நுட்பம் உண்டு. ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்ட எந்திரத்துக்குப் பாதித் தேய்மானமே கிடைக்கும். எனவே செப்டம்பர் முடிவதற்குள் எந்திரத்தை ஓட்டிக் காட்டிவிட வேண்டும் என்று ஓர் அவசரம். தவறினால் மார்ச் 31க்குள் என்று இன்னோர் அவசரம். செப்டம்பர் முடிவில் முப்பந்தலில் காற்று ஓயத் தொடங்கும். கணக்காளருக்கோ அப்போதுதான் பருவம்.

1995–96ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் ஏறக்குறைய 380 மெகாவாட் அளவுக்குக் காற்றாலைகள் புதிதாக எழுந்தன, பெரும்பகுதி தமிழகத்தில். பிறகு 1996ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் குறைந்தபட்ச மாற்று வரியைக் கொண்டுவந்தது. ஏட்டில் இலாபம் காட்டும் நிறுவனம் ஓரளவு வரி கட்டியே தீர வேண்டும் என்றாயிற்று. இரண்டே ஆண்டுகளில் புதிய காற்றாலைகளின் அளவு 100 மெகாவாட்டுக்கும் கீழே இறங்கியது. காற்று மாறவில்லை. மலை நகரவில்லை.

அந்த அவசரத்தின் தழும்புகள் நிலத்தில் தங்கின. காற்றை முறையாக அளக்காமல் நட்டவை, ஒன்றன் காற்றை மற்றொன்று மறைக்கும்படி நெருக்கமாக நட்டவை, துணைமின் நிலையம் தாங்குமா என்று கேளாமல் நட்டவை என்று பல. இங்கேதான் நம் கேள்விக்கு வரலாறு ஒரு விடையைக் காட்டுகிறது என்று கருதுகிறேன். மின்கட்டணத்தை மிச்சப்படுத்த ஆலை வைத்தவருக்கும் வரியை மிச்சப்படுத்த ஆலை வைத்தவருக்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. முன்னவருக்கு ஒவ்வொரு யூனிட்டும் காசு. எந்திரம் பழுதானால் அன்றே ஆள் அனுப்புவார். பின்னவருக்கு எந்திரம் தன் வேலையை முதல் ஆண்டிலேயே முடித்துவிட்டது. அதன்பின் அது சுழன்றால் கூடுதல் வரவு, நின்றால் பெரிய இழப்பில்லை. இருவரும் சிக்கனம் கருதியவர்களே. ஒருவருடைய சிக்கனம் காற்றோடு கட்டுண்டிருந்தது, மற்றவருடையது காகிதத்தோடு. கலிபோர்னியாவில் நடந்ததும் டென்மார்க்கில் நடந்ததும் முப்பந்தலில் பக்கத்துப் பக்கத்துக் கம்பங்களில் நடந்தன.

கட்டணச் சிக்கனம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் துளசி தாந்தியின் வாழ்க்கை சான்று. குஜராத்தின் சூரத் நகரில் துணித்தொழில் நடத்திய அவர், மின்செலவைத் தாங்க முடியாமல் இரண்டு காற்றாலைகளை வாங்கினார். வாங்கிய அனுபவத்தில் எந்திரத்தைவிட அதை நிறுவிப் பராமரிப்பவர் இல்லாததே பெருங்குறை என்று கண்டு, 1995இல் சுஸ்லான் நிறுவனத்தைத் தொடங்கினார். 2022இல் அவர் மறைந்தபோது உலகம் அவரைப் பசுமை ஆற்றலின் முன்னோடி என்று போற்றியது. தொடக்கம் என்னவோ ஒரு கட்டணச் சீட்டுத்தான்.

வரிச் சலுகையைக் குறை கூறுவது எளிது. அது இல்லாதபோது நடந்ததையும் பார்க்க வேண்டும். நூறு விழுக்காடு பின்னர் எண்பதாகக் குறைந்திருந்தது. உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 காசு ஊக்கத்தொகை என்ற நல்ல திட்டமொன்றும் 2009 டிசம்பரில் வந்தது. நட்டதற்கு அல்லாமல் விளைந்ததற்குக் கூலி தரும் திட்டம் அது. 2012இல் தேய்மானச் சலுகையும் ஊக்கத்தொகையும் சேர்ந்தே நின்றன. 2011–12இல் ஏறக்குறைய 3,200 மெகாவாட்டாக இருந்த புதிய நிறுவுதல் அடுத்த ஆண்டில் 1,700ஆகச் சரிந்தது. பிறகு இரண்டும் மீட்கப்பட்டன. 2017இல் தேய்மானம் 40 விழுக்காடாயிற்று. தமிழகத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைக் கடந்து நிற்பதற்கு இந்தச் சலுகைகளின் பங்கு சிறிதன்று.

ஆனால் ஒருவர் மிச்சப்படுத்தும் ரூபாய் எங்கிருந்து வருகிறது? மின்வாரியம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் குறை இதுதான்: காற்று வீசும் மாதங்களில் தேவைக்கு மிஞ்சிய மின்சாரத்தை எங்களிடம் தருகிறார்கள், பற்றாக்குறைக் காலத்தில் அதே யூனிட்டைத் திரும்பக் கேட்கிறார்கள், அப்போது நாங்கள் அதிக விலைக்கு வெளியே வாங்கித் தர வேண்டியிருக்கிறது. ஆலைக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. விற்ற மின்சாரத்துக்கு வாரியம் பணம் தரத் தாமதித்தது, காற்று பலமாக வீசும் நாளில் ஆலைகளை நிறுத்தச் சொன்னது என்று அவர்கள் தரப்பிலும் நியாயம் இருந்தது. வழக்குகள் நடந்தன. இறுதியில் 2018 மார்ச்சுக்குப் பின் நிறுவப்படும் காற்றாலைகளுக்கு யூனிட்டை இருப்பு வைக்கும் வசதி இல்லை என்று ஒழுங்குமுறை ஆணையம் முடிவு செய்தது. பழையவற்றுக்கு அது தொடர்ந்தது.

இதனால் இப்போது ஒரு விந்தையான நிலை. 1990களில் நட்ட சிறு எந்திரங்கள், அவற்றுள் பல 250 கிலோவாட்டுக்கு உட்பட்டவை, கணவாயின் மிகச் சிறந்த காற்று வீசும் இடங்களை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றில் எட்டுப் பத்தை அகற்றிவிட்டு ஒரேயொரு புதிய எந்திரத்தை உயரமாக நிறுத்தினால் அதே காற்றிலிருந்து பல மடங்கு மின்சாரம் பெறலாம். தமிழக அரசு 2024 ஆகஸ்டில் இதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. உரிமையாளர்களோ தயங்கினார்கள். பழைய எந்திரம் தேய்ந்து கிடந்தாலும் இருப்பு வைக்கும் உரிமை அதனோடு ஒட்டியிருக்கிறது. புதியதை நட்டால் அவ்வுரிமை போய்விடும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் அந்த எந்திரங்களை அங்கே கொண்டுவந்து நட்ட அதே பேரேடுதான் அவற்றை இன்றும் பிடுங்கவிடாமல் வைத்திருக்கிறது.